பூ நூலும் இரண்டு காகிதக் கப்பும்

நாற்பத்தைந்து நாள் லீவில் ஊர் வந்து இறங்கிய அன்று காலை, என் மகள் என்னை "மாமா" என்று கூப்பிட்டாள்.

எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அவளுக்கு மாமா. கரண்ட் மீட்டர் பார்க்க வருபவர் மாமா. வயலுக்கு மருந்தடிக்க வருபவரும் மாமாதான். அந்த வரிசையில் கடைசியாகப் போய் நின்றவன் நான். திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிக் கார் பிடித்து, தஞ்சாவூர் தாண்டியதிலிருந்து சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து வந்தேன். எட்டு மாதக் குழந்தையாக விட்டுவிட்டுப் போனது. இப்போது நாலு வயதைத் தொடப்போகிறாள். அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று என்னை ஒரு தடவை பார்த்தாள், என் பெட்டியை இரண்டு தடவை பார்த்தாள்.

"அப்பா வந்துட்டாங்க பாரு," என்றாள் என் மனைவி.

"அப்பா போன்ல இருக்காங்க," என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "மாமா, செருப்ப வெளிய விடுங்க," என்றாள்.

மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சின்னப் பிள்ளைதானே, மதியத்துக்குள் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். மதியம் போய், மறுநாள் போய், மூன்றாம் நாளும் போயிற்று. நான் ஹாலுக்குள் வந்தால் அவள் அடுப்படிக்குப் போனாள். நான் அடுப்படிக்குப் போனால் கொல்லைக்குப் போனாள். பெட்டியில் அவளுக்கென்று ஆசை ஆசையாக ஒரு ரிமோட் கார் வாங்கி வந்திருந்தேன். அதை ஹாலில் ஓடவிட்டேன், பாருங்கள், அது விளக்குப் போட்டுக்கொண்டு அவள் காலை நோக்கி விர்ரென்று போனது. அவள் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து என்னவென்று கேட்டார்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஏசி மெக்கானிக் வேலை. மாடியில் மெஷின் நின்றுபோனால் கீழே நூறு பேர் வெந்துகொண்டிருப்பார்கள்; போனதும் திறந்தோம், பார்த்தோம், மாற்றினோம், ஓடவிட்டோம் என்று இருக்க வேண்டும். அப்படியே பழகிவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் காலாட ஆரம்பித்துவிடும். இதில் டீக்கடைக்குப் போனால் ஒருவர் விடாமல் அதே கேள்வி. "என்னப்பா, புள்ள ஒட்டிக்கிச்சா?" இரண்டு நாள் "ஒட்டிக்கும் ஒட்டிக்கும்" என்றேன். மூன்றாம் நாள் "அது என்ன ஸ்டிக்கரா ஒட்டிக்க?" என்று எரிந்து விழுந்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். திரும்பிப் போவதற்குள் என் பிள்ளை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை "அப்பா" என்று சொல்ல வேண்டும். போனில் ஆயிரம் தடவை சொன்னவள்தான். போனில் சொன்னதைத் தூக்கிக் கொஞ்ச முடியுமா?

நாலாம் நாள் சாயங்காலம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எத்தனையோ பேர் வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறார்கள். இப்படி ஒரு கூத்தை எவனும் அடித்திருக்க மாட்டான்.

அங்கே இருக்கும்போது டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் நான் வீடியோ கால் பேசுவேன். இங்கே அது விளக்கு வைக்கிற நேரம். ஜன்னல் ஓரம் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் காத்திருப்பாள். நான் வந்த பிறகும் தினமும் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் ஏறினாள். மூன்று நாள் போன் வரவில்லை. நாலாம் நாள், "அப்பாவுக்கு என்மேல கோவமாம்மா?" என்று கேட்டு அழ ஆரம்பித்தாள். தேம்பித் தேம்பி அழுகிறாள், நான் ஆறடி தூரத்தில் மரம் மாதிரி நிற்கிறேன். பக்கத்தில் போனால் இன்னும் கத்துகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் இறங்கி, வரப்பில் நடந்து எங்கள் வயலின் மோட்டார் கொட்டாய்க்குப் போய், அங்கிருந்து கூப்பிட்டேன்.

"அப்பா!" அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. "ஏம்ப்பா வரல?"

"வேலைடா தங்கம்."

"அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காங்க. பெரிய பெட்டி. குறட்ட விடுறாங்க. என் தலகாணிய எடுத்துக்கிட்டாங்க."

"அப்படியா?"

"எப்பப்பா போவாங்க?"

"சீக்கிரம் போயிடுவாங்கடா," என்றேன்.

ஒரு நாளோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் பகலெல்லாம் காத்துக் கிடக்க ஆரம்பித்தேன். அங்கே ரூமில் என் கட்டிலுக்குப் பின்னால் ஒரு நீலப் போர்வை தொங்கும். அதே மாதிரி ஒரு போர்வையை வீட்டிலிருந்து எடுத்துப் போய்க் கொட்டாய்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். சைட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டேன். ஐப்பசி மழைக்குத் தவளை கத்தினால், "அது என்னப்பா சத்தம்?" என்று கேட்பாள். "மெஷின்டா," என்பேன். ஒரு நாள் மண்வெட்டியோடு தண்ணி கட்ட வந்த குத்தகைக்காரர் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, தொப்பியும் போர்வையுமாக நான் கொஞ்சிக்கொண்டிருந்த கோலத்தைக் கண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

போர்வை காணாமல் போனதில்தான் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று மனைவிக்குத் தெரிந்தது. பாலை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஊர் உலகத்துல பொண்டாட்டிக்குத்தான் சக்களத்தி வருவா. நீங்க உங்களுக்கே ஒருத்தன வச்சிருக்கீங்க, இல்ல?"

"புள்ள அழுவுது, என்ன பண்ணச் சொல்ற?"

"அழட்டும். தினமும் அந்த ஆளு வந்து பேசிட்டுப் போனா, அவ எதுக்கு உங்ககிட்ட வரப்போறா? உங்களத்தான் எப்பப் போவீங்கன்னு கேக்குறாளே."

சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கால் தானாக வரப்பில் இறங்கியது.

பகல் நேரங்களில் மகளை வசப்படுத்த நான் வேறு வழிகளில் இறங்கினேன். என் மனைவி அவளோடு விளையாடும் விதத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. போனில் ஐந்து நிமிடம் முகம்தான் தெரியும், வீட்டின் தரை தெரியாது. பால்வாடி விட்டு வந்ததும் தரையில்தான் எல்லாம் நடக்கும். தட்டில் ரேஷன் அரிசியைப் பரப்பி, விரலால் "அ" போட வைப்பாள். முட்டை அட்டையின் குழிகளில் துவரம்பருப்பு ஒன்று, பச்சைப்பயறு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்வாள். வெண்டைக்காயின் காம்பை வெட்டி, மஞ்சள் கரைசலில் தொட்டுப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குத்தினால் பூப் பூவாக விழும். வாழைப்பூ உரித்த நாளில் மடலெல்லாம் படகு. தண்ணீர்ப் பேசினில் மிதக்கவிட்டு எத்தனை கொண்டைக்கடலை ஏற்றினால் முழுகும் என்று பார்ப்பார்கள். பிள்ளை அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். என்னால் ஐந்து நிமிடம் பார்க்க முடியாது.

"பாப்பா, அது துவரை இல்ல, அங்க பயறு போடணும்," என்பேன். அவ்வளவுதான். முட்டை அட்டையை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

"நீங்க சும்மா உக்காருங்களேன்," என்பாள் மனைவி. "அதான் வேலையே."

"தப்பாப் போடுதே."

"போடட்டுமே. போட்டா என்ன, மோட்டார் எரிஞ்சுடுமா?"

சரிதான் போ என்று, நானே செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். பரணில் கிடந்த பிளைவுட்டை இறக்கிச் சறுக்கு மரம் செய்தேன். ஒரே நாளில் முடித்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பெயின்ட் அடித்தேன். பெயின்ட் காய்வதற்குள் கோழி ஏறிச் சறுக்கியது. என் மகள் ஏறவில்லை. தகர டின்னில் சக்கரம் வைத்து வண்டி செய்தேன். மனைவி விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "கைய அறுத்துடும்," என்று எடுத்துப் பரணில் வைத்தாள். எதற்கெடுத்தாலும் பெரிதாகச் செய்தேன், சத்தம் வருகிற மாதிரி செய்தேன். அவளோ நான் எறிந்த மரத்தூளைத் தட்டில் அள்ளிக்கொண்டு போய் அதில் "அ" போட்டாள். மூன்று வாரம் இப்படியே ஓடிவிட்டது.

ஒரு மத்தியானம் அடித்த மழையில்தான் அந்தக் கப் போன் என் கைக்கு வந்தது. மனைவி பிள்ளைக்குச் செய்து கொடுத்திருந்தாள். டீக்கடைக் காகிதக் கப் இரண்டு. அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, பூக் கட்டுகிற நூலைக் கோத்து, உள்ளே பாதி தீக்குச்சியில் முடிச்சுப் போட்டது. நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் கப்பில் பேசினால், மறுமுனைக் கப்பைக் காதில் வைத்தவருக்குக் கேட்கும். நூல் தொங்கினால் கேட்காது. நடுவில் யாராவது நூலைத் தொட்டாலும் நின்றுவிடும். ஹால் ஜன்னல் கம்பி வழியாக நூலை வெளியே விட்டு, மகள் உள்ளே நாற்காலியிலும் மனைவி வெளியே தாழ்வாரத்திலும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்ததும் மனைவி கப்பை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

நான் சுவர் ஓரம் நின்றேன். உள்ளே இருப்பவளுக்கு நான் தெரியவில்லை. கப்பைக் காதில் வைத்தேன்.

"அம்மா?" என்றது கப்.

கப்பை வாய்க்குக் கொண்டுபோனேன். "ஹலோ."

கப்பைக் காதுக்கு மாற்றினேன். "யாரு?"

"அப்பா."

"அப்பா! நீங்க இதுக்குள்ள எப்படி வந்தீங்க?"

மோட்டார் கொட்டாய்க்கு இதை எடுத்துப் போக முடியாது. நூலின் அந்த முனையில் அவள், இந்த முனையில் நான். "நூலப் புடிச்சுக்கிட்டே வாடா," என்றேன். நாற்காலி நகர்ந்தது. சின்ன விரல்கள் நூலில் ஊர்ந்து ஜன்னல் வரை வந்தன. கம்பிகளுக்கு நடுவே முகம் தெரிந்தது. நூலைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள், கப்பைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, "மாமா, அப்பாகிட்ட குடுங்க," என்றாள்.

"நான்தான்டா அப்பா."

"இல்ல. அப்பாகிட்ட குடுங்க."

"நான்தான்டி உங்கப்பா!" என்று கத்திவிட்டேன். மூக்கின் மேல் இருக்கும் கோபம் என்பார்களே, அது அப்படியே கைக்கு இறங்கிவிட்டது. கப்பைக் கசக்கித் தாழ்வாரத்தில் எறிந்தேன். நூல் வெடுக்கென்று இழுத்ததில் அவள் கையிலிருந்த கப்பும் பறந்து போய் ஜன்னல் கம்பியில் அடித்துக் கீழே விழுந்தது. அவள் அழக்கூட இல்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

என்மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. மழையில் போய் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி போய் நின்றேன். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிள்ளையைச் சமாதானப்படுத்தித் தூங்கவைத்துவிட்டு வந்து, இரண்டு புதுக் கப்பையும் நூல்கண்டையும் என் முன்னால் வைத்தாள்.

"கசக்குன கையாலயே செஞ்சு வைங்க."

"வருவாளா?"

"தெரியாது. ஆனா மோட்டார் கொட்டாய் அப்பாவுக்கு இன்னையோட லீவு. அவரு இருக்கற வரைக்கும் உங்களுக்கு இந்த வீட்டுல இடம் இல்ல."

பூ நூல் இற்றுவிடும் என்று நான் மெல்லிய கம்பி வைத்து ஒன்று செய்தேன். "புள்ள கண்ணுல குத்தும்," என்று தூக்கிப் போட்டாள். மறுபடி பூ நூல். முடிச்சு சரியாக விழவில்லை. பெரிய பெரிய கம்ப்ரஸரைக் கழற்றிப் பூட்டுகிறவன், பாதி தீக்குச்சியில் ஒரு முடிச்சுப் போட நாலு தடவை முயன்றேன். செய்து முடித்துப் போர்வையையும் கொட்டாயிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் நாற்காலியில் ஏறினாள். போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் ஹாலின் மறு மூலையில் தரையில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி சொன்னபடிதான். பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது, திரும்பக் கூடாது. என் கப் என் காதில். அவள் கப் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில். அவள் தேம்புவது கேட்கிறது, நான் போனை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டி வலித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஊர் வெயிலில் மொட்டை மாடியில் நின்று வேலை பார்ப்பது இதைவிடச் சுலபம். இரண்டு நாள் இல்லை, நாலு நாள் இல்லை, ஆறு நாள் அப்படி உட்கார்ந்தேன்.

ஏழாம் நாள் நூல் ஆடியது. திரும்பவில்லை. லேசாக ஒரு இழுப்பு. நானும் லேசாக இழுத்தேன். அந்தப் பக்கம் சிரிப்பா தும்மலா தெரியவில்லை, ஏதோ ஒரு சத்தம். இரண்டு இழுப்பு வந்தது. இரண்டு கொடுத்தேன். மூன்று வந்தது. மூன்று கொடுத்தேன். பிறகு கப் பேசியது.

"அப்பா?"

"ம்."

"எங்க இருக்கீங்க?"

"நூல் முடியற எடத்துல."

நூல் கொஞ்சம் தொய்ந்து மறுபடி விறைத்தது. அவள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டே வருகிறாள் என்று பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் நின்று பேசினாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"இப்ப?"

"கேக்குது."

"இப்ப?"

அது கப்பில் கேட்டதா, காதில் கேட்டதா என்று தெரியவில்லை, அவ்வளவு பக்கம். முன்னால் வந்து நின்றாள். கையில் நூல் உருண்டை. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "வாயத் தொறங்க," என்றாள். திறந்தேன். பல் டாக்டர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தாள். "பேசுங்க."

"என்ன பேசட்டும் தங்கம்?"

அவள் ஒரு விரலை என் தொண்டையில் வைத்தாள். "இதுக்குள்ளேர்ந்துதான் வருது," என்று அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொன்னாள். "அம்மா, அப்பா இங்க இருக்காங்க!"

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, அவள் முன்னாலேயே அழுதேன். "அப்பா, மூக்கு ஒழுவுது," என்று அவள் தன் கவுனால் துடைத்தாள்.

பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் என் தோளை விட்டு இறங்கவில்லை. டீக்கடையில் வேண்டுமென்றே போய் நின்றேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன். வெண்டைக்காய்ப் பூ குத்தினோம். துவரைக் குழியில் பயறு போட்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. எங்கே போனாலும் கப் போன் கூட வந்தது. வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினோம். "உங்க வேலை இந்தக் கடலுக்கு அந்தப் பக்கமாப்பா?" என்றாள். அது கிழக்கே பார்த்த கடல், நான் போவது மேற்கே. ஆனாலும் ஆமாம் என்றேன். அவள் கையிலிருந்த நூலைப் பார்த்துவிட்டு, "பத்தாது," என்றாள்.

கிளம்பும் அன்று கார் வாசலில் நின்றது. ஒரு கப்பை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். கார்க் கதவு வரை நூல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மனைவிதான் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். என் கப்பில் ஒரு சாண் நூல் தொங்கியது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

போய் இறங்கிய மறுநாள், டியூட்டி முடிந்து வந்ததும், நீலப் போர்வைக்கு முன்னால் உட்கார்ந்து வீடியோ கால் போட்டேன். மனைவி போனை அவளிடம் நீட்டினாள். அவள் பார்த்தாள். போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"அப்பா பேசுறாங்கடி."

"இது அப்பா இல்ல," என்றாள். "அப்பா பெருசு."

மறுநாள் அவள் போன் பக்கமே வரவில்லை. அதற்கு மறுநாள் நாற்காலியிலேயே ஏறவில்லை. மூன்று வருடமாக எனக்கு இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான். அதையும் நானே என் கையால் கெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ரூமில் இருப்புக் கொள்ளவில்லை. படி இறங்கினேன், ஏறினேன். சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் ஒரு ஒயரை மாற்றிப் பூட்டி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எல்லாம் உன்னாலதான், கொட்டாய்லேர்ந்தே பேசிட்டு வந்திருப்பேன்," என்று மனைவியிடம் கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் அவளும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். போனை ஜன்னலுக்கு எதிரே சாய்த்து வைத்திருந்தாள். வெளியே மழை. சிவப்பு நாற்காலியில் மகள். அவள் கையில் அந்தக் கப். கப்பிலிருந்து நூல் கிளம்பி, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போயிருந்தது. புதுசாக நீளமான நூல் கட்டியிருக்கிறாள் என் மனைவி. அவளைத் திரையில் காணோம்.

"நூல் எங்கடா போவுது?" என்றேன்.

மகள் கப்பில் வாயை வைத்துப் பதில் சொன்னாள். "ரோட்டுக்கு. நீங்க போன கார் ரோட்டுக்கு." பிறகு கப்பைக் காதுக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். முகம் சுருங்கியது. "நூல் தொங்குதுப்பா. இழுங்க."

நான் சட்டைப் பையிலிருந்து என் கப்பை எடுத்துக் காட்டினேன். அதில் தொங்கிய ஒரு சாண் நூலைப் பிடித்து இழுத்தேன். "இழுக்குறேன் பாரு."

"வரல. நல்லா இழுங்கப்பா."

மறுபடி இழுத்தேன். பக்கத்துக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நூலை விரலில் சுற்றிக்கொண்டு மூன்றாவது தடவையும் இழுத்தேன்.

திரையில் நூல் விறைத்தது. மகளின் கை ஒரு வெட்டு வெட்டியது. அவள் கண் விரிந்தது. அவள் இரண்டு தடவை இழுத்துவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்தாள். இரண்டு இழுப்பு திரும்பி வந்தது.

"வந்துட்டு!" என்று நாற்காலியில் ஏறி நின்று குதித்தாள். "அம்மா! அப்பா இழுக்குறாங்க! அப்பா இழுக்குறாங்கம்மா!"

"அப்படியா?" என்று என் மனைவியின் குரல் கேட்டது. "கெட்டியாப் புடிச்சுக்க."

குரல் அடுப்படியிலிருந்து வரவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து, மழைக்குள்ளிருந்து, ரோட்டுப் பக்கமாக வந்தது.